வீட்டைக் கேட்காத தரகர்

அவர் பெண்களின் காதைத்தான் முதலில் பார்ப்பார். கெட்ட பார்வை இல்லை. அப்படி இருந்திருந்தால் எங்கள் தெருப் பெண்கள் அன்றைக்கே விளக்குமாற்றை எடுத்திருப்பார்கள். அடகுக் கடைக்காரர் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை அது. வந்த வேகத்தில் காதைத் தொட்டு, கழுத்துக்கு இறங்கி, "சௌக்கியமாம்மா?" என்று முகத்துக்கு வந்து சேர்ந்துவிடும். கல்தோடு போட்டிருந்த காதில், துளை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தால் போதும். அடுத்த வாரம் அந்த வீட்டுக்குச் சைக்கிளில் போய் நலம் விசாரித்துவிட்டு வருவார். தோடு போனால் அடுத்து அண்டா போகும், அண்டா போனால் அடுத்து மனை போகும் என்பது அவர் கண்டுபிடித்து வைத்திருந்த வரிசை.

ஒருமுறை என்னிடமே சொன்னார். "டீச்சர், வீடு விக்கப் போறோம்னு அவங்களுக்கே தெரியிறதுக்கு ஒரு வருஷம் முந்தி நமக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுக்கப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? அப்பதான் ஊருக்கே தெரிஞ்சிடுமே."

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் காரைக்காலில் வீடு, மனை, நிலம் முடித்துக் கொடுக்கும் தரகர்களுக்குப் பஞ்சம் இல்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் கைதட்டிக் கூப்பிடுவார்கள். அவர் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டார். புரோக்கர் என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. ஊரே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டது. அவர் மனைவி ஒருத்திதான் பாக்கி.

அவர் பெயர் எனக்கு மறக்கவில்லை. எழுத மனமில்லை, அவ்வளவுதான். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று நல்ல நிலையில் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவர் மேல் உண்டு. செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். என்னால் முடியவில்லை.

எங்கே சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நிற்பார். முடிவெட்டுகிறவர், பூக்கட்டுகிறவர், மூங்கில் விற்கிறவர் மூன்று பேரும் அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் சொந்தக்காரர்களுக்கே சொல்வார்களோ என்று எனக்குச் சந்தேகம். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் சணல் கயிறு, கத்தி, தீப்பெட்டி, சூடம். இழவு வீட்டுக்காரர்கள் எதைத் தேடினாலும் அந்தப் பையிலிருந்து வரும். தந்தி அடிப்பது, பந்தல் போடுவது, முனிசிபாலிட்டியில் பதிவது எல்லாம் அவர்தான். பதினாறாம் நாள் வரை அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அவரைப் போய் யார் தப்பாக நினைப்பார்கள்? ஆனால் அந்தப் பதினாறு நாளில் எந்த மகன் எந்த மகனோடு பேசவில்லை, எந்த மருமகள் சாவிக்கொத்தை இடுப்பை விட்டு எடுக்கவில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். பாகம் பிரியப்போகும் வீடு எது என்று அவரைக் கேட்டால் போதும்.

பெரிய புயல் அடித்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து துணி, அரிசி எல்லாம் சேர்த்துக்கொண்டு காரைக்கால்மேட்டுக்குப் போனோம். எங்களுக்கு முன்பே அவர் அங்கே இருந்தார். மணலில் புதைந்த வலையை ஒரு கிழவரோடு சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தார். வேட்டியெல்லாம் சேறு. எனக்கு உண்மையிலேயே அவர் மேல் மரியாதை வந்தது. திரும்பி வரும்போது பக்கத்தில் நடந்து வந்தவர் மெதுவாகச் சொன்னார்.

"கடைசி வீட்டுக்காரரைப் பாத்தீங்களா டீச்சர்? எல்லாரும் படகைத் தேடுறாங்க. அவர் மட்டும் சட்டி பானையைத் தேடிக்கிட்டு இருக்காரு."

"பாவம்" என்றேன்.

"பாவந்தான். அவரு இனிமே கடலுக்குப் போக மாட்டாரு."

அடுத்த வருஷம் அந்த இடத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவருடைய காம்பவுண்டுச் சுவர் எழுந்தது. படகைத் தேடாத மீனவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு வந்த மரியாதை அந்தச் சுவரைப் பார்த்த அன்று போயிற்று.

அவரைத் திருடர் என்றோ பொய்யர் என்றோ சொல்ல முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல். பொய் சொல்கிறவனைப் பிடித்துவிடலாம். இவர் எதையுமே சொல்ல மாட்டார். வில் என்றும் சொன்னதில்லை, வாங்கு என்றும் சொன்னதில்லை. கடலுக்குப் பக்கத்து மனைகளைத் தை மாதத்தில்தான் காட்டுவார். எங்கள் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச உட்காருவது வழக்கம். மழை முடிந்த தையில் எல்லாக் கிணறும் இனிக்கும். சித்திரையில் அதே தண்ணீரில் பருப்பு வேகாது. வாங்கியவர் வயிறெரிந்து வந்து கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும்.

"தண்ணியை நீங்கதானே குடிச்சுப் பாத்தீங்க? நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் எதுனாச்சும் சொன்னேனா?"

சொல்லியிருக்க மாட்டார். மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு போவான்.

ஒரு வீட்டைக் காட்டுவதை அவர் ஒரு கல்யாணம் மாதிரி நடத்துவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து அங்கேயே தங்கிவிட்ட பிரான்சுப் பென்ஷன் குடும்பங்கள் மாங்கனித் திருவிழாவை ஒட்டி ஊருக்கு வந்து இறங்கும். அவர்கள்தான் நல்ல விலை கொடுக்கிறவர்கள். அவர்களை அழைத்து வரும் நேரத்துக்குச் சரியாக அந்த வீட்டு அடுப்பில் காப்பிக்கொட்டை வறுபட வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாசனை வந்து கூப்பிட வேண்டும். கொல்லையில் ஒரு பசுவும் கன்றும் கட்டியிருக்கும். எந்த வீடானாலும் அதே பசுதான். எங்கள் வட்டாரத்தில் பாதி வீட்டை அந்தப் பசுதான் விற்றுக் கொடுத்தது, அதற்கு ஒரு கட்டு வைக்கோல்கூட அவர் கூடுதலாகப் போட்டிருக்க மாட்டார். இவ்வளவும் செய்துவிட்டு, எங்கேயாவது ஒரு தாழ்ப்பாள் ஆடினால் அதை மட்டும் சரிசெய்ய விட மாட்டார். வந்தவர்களைக் கூட்டிப்போய், "இது கொஞ்சம் ஆடுதுங்க, பாத்துக்கங்க" என்று அவரே காட்டுவார். ஒரு குறையை நாமே காட்டிவிட்டால் மற்ற குறையை அவர்கள் தேட மாட்டார்களாம்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தேன், எதிர்வீட்டு அக்காவிடம் அவர் வந்து சேரும் வரை.

அக்கா எனக்கு உறவு இல்லை. நான் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்து அந்தத் தெருவில் வாடகைக்குக் குடிவந்த நாளிலிருந்து பழக்கம். என் கணவருக்குக் கடலூரில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடியலில் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் எனக்குப் பேச்சுத் துணை அக்காதான். அவர் கணவர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பிள்ளை இல்லை. அவர்கள் வீடு ஓட்டு வீடுதான், ஆனால் கொல்லையில் இரண்டு தென்னைக்கு நடுவே ஒரு கிணறு உண்டு. சித்திரை வெயிலிலும் உப்புக் கரிக்காத கிணறு. காலையில் கொல்லைக் கதவு திறந்தால் தெருப் பெண்கள் எல்லாரும் குடத்தோடு அங்கேதான் இருப்போம். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அந்தக் கிணற்றடியில் தெரியும்.

கம்பவுண்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மஞ்சள் பை வந்தது. பதினாறு நாளும் எல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். வரிச்சிக்குடியிலிருந்து வந்த அக்காவின் கூடப்பிறந்த தம்பி, நடவு நேரம் என்று சொல்லி, பதினாறாம் நாள் பந்தியில் சாப்பிட்ட கையோடு பஸ் ஏறினார். வாடகைப் பாத்திரங்களைத் தேய்த்து எண்ணிக் கொடுத்தது அண்ணன்தான். அக்கா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் அன்று கண் கலங்கியது.

"தங்கச்சி, இனிமே என்ன பண்ணப்போறே?" என்று கேட்டார்.

"அவரு செங்கல் செங்கலா பாத்துக் கட்டுன வீடுண்ணே. இங்கேருந்து நான் கெளம்புனா நாலு பேரு தூக்கித்தான் கெளம்புவேன்."

"அதான் சரி. யாரு வந்து கேட்டாலும் குடுத்துடாதே. கேக்குறவங்களை எங்கிட்ட அனுப்பு, நான் பாத்துக்கிறேன்."

கேட்க வந்தார்கள். கிணற்றுக்காகவே வந்தார்கள். பஸ் ஸ்டாண்டுத் தரகர்கள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வந்து அக்காவிடம் பல்லிளித்தார்கள். அக்கா எல்லாரையும் அண்ணனிடம் அனுப்பினார். அண்ணன் நடுத்தெருவில் வைத்தே அவர்களைத் திட்டி விரட்டினார். "தாலியறுத்தவ வீட்டுல வந்து வெலை கேக்குறியே, வெக்கமா இல்ல?" தெருவே அவரை மெச்சியது. அதற்குப் பிறகு வேறு எந்தத் தரகரும் அந்த வாசலை மிதிக்கவில்லை. அந்த வீட்டுக்கு வேலி போட்டுவிட்டார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் சாயங்காலம் வருவார். முருங்கைக்காயோ நாலு எலுமிச்சம்பழமோ கொண்டுவருவார். சாப்பிட்டியா, சர்க்கரை மாத்திரை போட்டியா என்று விசாரிப்பார். கிளம்பும்போது வாசல்படியில் நின்று திரும்பி ஒரு கேள்வி கேட்பார்.

"தனியா இருக்கியே தங்கச்சி, ராத்திரி பயமா இல்லையா?"

"எனக்கென்னண்ணே பயம்" என்று அக்கா சிரிப்பார். உண்மையாகவே பயம் இல்லாத பெண் அவர். கோடைகாலத்தில் முற்றத்தில் பாயைப் போட்டு, காற்று வரட்டும் என்று கொல்லைக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறவர்.

அடுத்த வாரமும் கேட்டார். அதற்கடுத்த வாரமும். ஒரு நாள் ஒரு பெரிய பித்தளைப் பூட்டு வாங்கி வந்தார். "இருக்கட்டும் தங்கச்சி. எம் மனசு கேக்கலை." அக்கா அந்தப் பூட்டை என்னிடம் பெருமையாகக் காட்டினார். பிறகு ஒரு டார்ச் லைட். பிறகு ஆசாரியைக் கூட்டிவந்து முன்கதவுக்கு உள்பக்கம் இரண்டாவது தாழ்ப்பாள். கூலியும் அவரே கொடுத்தார். ஒவ்வொரு பொருளும் வீட்டுக்குள் வந்தபோது அதற்குரிய பயமும் கூடவே வந்தது. டார்ச் வந்த பிறகுதான் அக்கா இருட்டை அடித்துப் பார்க்கத் தொடங்கினார். தாழ்ப்பாள் வந்த பிறகுதான் போட்டோமா இல்லையா என்று எழுந்து பார்க்கத் தொடங்கினார்.

கடைசியில் கிணற்றுக்கு வந்தார். "கொல்லைக் கதவைத் தெறந்து போட்டுட்டு இருக்கியே. தண்ணி எடுக்க வர்றவங்க எல்லாம் நம்மவங்கதான், இல்லேங்கலை. ஆனா அவங்களைப் பாத்துட்டு வேற யாராச்சும் உள்ள வந்தா?"

அக்கா கொல்லைக் கதவைச் சாத்தினார். இரண்டு நாள் தட்டிப் பார்த்த பெண்கள், முகம் சுருங்கி, முனிசிபாலிட்டிக் குழாய்க்குப் போகத் தொடங்கினார்கள். "புருஷன் போனதும் கெணத்துக்கும் பூட்டுப் போட்டுட்டா" என்று பேச்சு கிளம்பியது. கிணற்றடி காலியாயிற்று. அதுவரை பெயருக்குத்தான் தனியாக இருந்தார் அக்கா. அதற்குப் பிறகு நிஜமாகவே தனி.

ஆளே மாறிப்போனார். ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருப்பார். தென்னைமட்டை விழுந்தால் "யாரு?" என்று கத்துவார். நான் போய்க் கூடப் படுத்துக்கொண்டால் தூங்குவார், நான் போகாத நாளில் தூங்க மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணன் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும்போது எதிரே போய் நின்றேன்.

"அண்ணே, அக்காவுக்குப் பயமே இல்லாம இருந்துச்சு. நீங்க கேட்டுக் கேட்டுத்தான் இப்படி ஆயிட்டாங்க. இனிமே அந்தக் கேள்வியைக் கேக்காதீங்க."

அவருக்குக் கோபமே வரவில்லை. "டீச்சர், ஒரு பொம்பள தனியா இருக்கா. பயமா இருக்கான்னு ஒருத்தன் கேக்குறான். அது தப்பா? சொல்லுங்க."

யாரிடம் சொன்னாலும் என்னைத்தான் சிரிப்பார்கள். பூட்டு வாங்கிக் கொடுத்தான் என்று ஒருவன் மேல் புகார் சொல்ல முடியுமா? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால், ஓநாய்க்கு எவ்வளவு நல்ல மனசு என்று சொல்கிற ஊர் எங்கள் ஊர்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. வாரத்தில் ஐந்து ராத்திரி நானும்தான் தனியாக இருந்தேன். எதிர்வீடுதான், பத்தடி தூரம். வாரம் தவறாமல் பார்க்கிறார், பேசுகிறார். என்னை ஒரு நாளும் அவர் பயமா இல்லையா என்று கேட்டதில்லை. நான் வாடகை வீட்டில் இருந்தேன்.

கம்பவுண்டர் போய் இரண்டு வருஷம் கழிந்த ஒரு மாசி மாதம் அக்கா அண்ணனிடம் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அண்ணே, இனிமே என்னால முடியாது. தூக்கம் இல்ல. நீங்களே பாத்து யாராச்சும் நல்லவங்க கையில இதைக் குடுத்துடுங்க. நான் தம்பி வீட்டோட போயிடுறேன்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. "இந்த வார்த்தையைக் கேக்கவா தங்கச்சி நான் இத்தனை நாளா வந்துக்கிட்டு இருந்தேன்? வேணாம். ஒரு மாசம் யோசி" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் வரவில்லை. அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "கோவிச்சுக்கிட்டாரோ, அவரும் வரலேன்னா எனக்கு யாரு இருக்கா" என்று புலம்பினார். எத்தனை சொல்லியும் கேட்காமல், அவர் வீடு தேடிப் போய், வாசலில் நின்று, வீட்டை விற்றுக் கொடுங்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தார். இப்படி வீட்டுக்காரியே வந்து கெஞ்சி விற்றுத் தரச் சொன்ன தரகர் இந்த உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பிரான்சுப் பென்ஷன்காரர் குடும்பம் ஒன்று வாங்கியது. இந்த முறை காப்பிக்கொட்டையும் இல்லை, பசுவும் இல்லை. எனக்கு அதுவே விசித்திரமாகப் பட்டது. கிரகப்பிரவேசத்துக்குத் தெருவையே அழைத்தார்கள். போகக் கூடாது என்று நினைத்தேன், அக்கா வீட்டைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாமே என்று போனேன். வாங்கியவரின் மனைவி நல்ல பெண்மணி. கொல்லைக் கதவை விரியத் திறந்து வைத்திருந்தார். கிணற்றைக் காட்டிச் சிரித்தார்.

"இதுக்காகத்தாங்க காத்துக்கிட்டு இருந்தோம். ரெண்டு வருஷமா ஊருக்கு வர்றப்பல்லாம் அண்ணன் சொல்லிக்கிட்டே இருந்தாரு, 'வேற எடத்துல கையை வெச்சுடாதீங்க, இந்த வீடு உங்களுக்குத்தான், கொஞ்சம் பொறுங்க'ன்னு. மனுஷன் சொன்ன மாதிரியே முடிச்சுக் குடுத்துட்டாரு."

கையிலிருந்த பாயசத்தை அப்படியே கீழே வைத்தேன். இரண்டு வருஷம். முதல் பூட்டு வந்ததற்கும் முன்னால்.

அக்காவிடம் இதைச் சொல்லியே தீர வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. காலாண்டு விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிச்சிக்குடிக்குப் பஸ் ஏறினேன். தம்பி வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. புதிதாக மாடி எழும்பியிருந்தது. அக்கா வீடு விற்ற பணம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாடியில் அக்காவுக்கு இடம் இல்லை. கீழே நெல்மூட்டை அடுக்கிய அறையில், மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய் விரித்திருந்தது. அக்கா பாதியாக இளைத்திருந்தார். தம்பி மனைவி எட்டிப் பார்த்து வாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். யாரும் அக்காவை உட்காரச் சொல்லவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

தம்பி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். உழைப்பாளி. வாசலில் நின்று தன் வயலைக் காட்டினார். பெரிய ரோட்டை ஒட்டிய வயல். அதை நம்பித்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

"ரோட்டோரம் பாருங்க டீச்சரம்மா, தரகனுங்க தொல்லை தாங்கலை. மனை போடக் குடுங்க, குடுங்கன்னு. நான் குடுக்கிறதா இல்ல. நம்ம அண்ணன் ஒருத்தர்தான் தங்கம். ஞாயித்துக்கிழமையானா அக்காவைப் பாக்க வந்துடுறாரு. ஒரு நாள்கூட நிலத்தைப் பத்தி வாயைத் தெறக்கலைங்க. யாரு கேட்டாலும் குடுத்துடாதேன்னு அவருதான் எனக்குப் புத்தி சொன்னாரு."

"வேற எதுவும் கேக்கிறதில்லையா?" என்றேன்.

அவர் சிரித்தார். "ஒண்ணே ஒண்ணு கேப்பாருங்க. மாடி கட்டியாச்சு, பொண்ணுங்க வளந்தாச்சு, இன்னும் சேத்துல எறங்கி நிக்கிறியே தம்பி, முதுகு வலிக்கலையான்னு. எனக்கு முதுகு வலியே கெடையாதுங்க. அவரு கேக்க ஆரம்பிச்சப்புறம்தான் பாருங்க, சாயங்காலமானா நிமிர முடியலை."

அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். கிரகப்பிரவேசத்தன்று கேட்டதை ஒன்று விடாமல் கொட்டினேன். பூட்டையும் டார்ச்சையும் கேள்வியையும் சேர்த்து வைத்துச் சொன்னேன். அக்கா அழுவார், திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வைக்கோல்போரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டார்.

"தெரியும்டி. பத்திரத்துல கையெழுத்துப் போட்ட அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. வாங்குன அந்தம்மா அதுக்கு முன்ன வீட்டையே பாத்ததில்ல. ஆனா, 'ரெண்டு தென்னைக்கு நடுவுல இருக்கே அந்தக் கெணறுதானே'ன்னு கேட்டாங்க. எல்லாம் முன்னாலயே சொல்லி வெச்சிருக்காரு."

"தெரிஞ்சுமா அவரை வாங்க வாங்கங்கிறீங்க?"

"இங்க என்னை யாருடி கேக்குறா? வீட்டை வித்த பணத்தைக் குடுத்ததோட எல்லாம் முடிஞ்சுபோச்சு. சாப்பிட்டியான்னு கேக்க நாதி இல்ல. அவரு வர்ற ஞாயித்துக்கிழமைதான் எனக்கு நாற்காலி போடுவாங்க. அவருக்குக் காப்பி போடுறப்ப எனக்கும் ஒரு டம்ளர் வரும். தங்கச்சி, தங்கச்சின்னு அவரு பேசுறதைப் பாத்துட்டு அன்னிக்கு ஒரு பொழுது இவங்களும் அக்கான்னு கூப்பிடுவாங்க."

"அவரு இந்த நிலத்துக்காக வர்றாருக்கா. இதையும் முடிச்சுட்டா இந்தக் குடும்பம் என்ன ஆகும்? நீங்க எங்க போவீங்க?"

"அவரு அவசரப்படற ஆளு இல்லையே" என்றார் அக்கா. "இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் வருவாருல்ல."

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். "தம்பிகிட்ட ஒண்ணும் சொல்லிடாதடி. உனக்குப் புண்ணியமாப் போவும்."

அக்காவின் கையை உதறிக்கொண்டுதான் வந்தேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வாசலுக்கு வந்தேன். தம்பி இடுப்பில் கையை ஊன்றி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். நான் தொடங்குவதற்கு முன் அவரே கேட்டார்.

"டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க, அவரை ரொம்ப நாளாப் பாத்தவங்க. இந்த முதுகை வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு ஓட்டுறதுன்னு யோசனையா இருக்கு. ஒரு பேச்சுக்குத்தான் கேக்குறேன். பின்னால ஒரு தேவைன்னா, அவரை நம்பி எறங்கலாமா?"

நான் வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் முந்திக்கொண்டது. கிணற்றடிக் காலத்தில் இருந்த மாதிரி தெளிவான குரல்.

"என்ன தம்பி இப்படிக் கேக்குறே? தங்கமான மனுஷன். எம் புருஷன் கட்டுன வீட்டையே அவரை நம்பித்தானே குடுத்தேன்."

ரோட்டு முனையில் அவருடைய சைக்கிள் திரும்பியது. தம்பி முகம் மலர்ந்து உள்ளே பார்த்துச் சொன்னார்.

"அண்ணன் வந்துட்டாரு. காப்பி போடு. அக்காவுக்கு ஒரு நாற்காலி கொண்டாந்து போடு."